பன்னீர் திராட்சைக்காரர் லிவர்மோர் போகிறார்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாக்களின் கடிதங்கள் இந்த மாதம் மூட்டையாக வந்து கிடக்கின்றன. போன இதழில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஒயின் ஊர்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன், அதன் வினை. நாபாவுக்கு எப்படிப் போவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கம் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதல் தடவைக்கு லிவர்மோர் போதும். நாபாவில் ருசி பார்க்கவே தலைக்கு 40, 50 டாலருக்கு மேல் கேட்பார்கள், லிவர்மோரில் பெரும்பாலும் அதில் பாதிதான். நம் ஆட்கள் குவிந்திருக்கிற பிளசன்டன், டப்ளினிலிருந்து காரில் கால் மணி நேரம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. மகள் பிளசன்டனில் இருக்கிறாள், ஆகஸ்ட் கடைசியில் போகிறோம். பக்கத்தில் ஒரு சின்ன ஒயினரி இருக்கிறது, டேஸ்டிங் ரூமுக்குக் கூட்டிப்போகிறேன் அப்பா என்கிறாள். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அங்கே போய் நான் என்ன செய்ய? – வாசகர், கம்பம்

ஐயா, அந்த அறையில் நிற்கிற பத்துப் பேரில் திராட்சையைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர் அனேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதனால் தைரியமாகப் போங்கள்.

ஒயின் என்றதும் நமக்கு ஒயின்ஷாப் ஞாபகம் வந்துவிடுகிறது, கம்பி வலை, கை நீட்டும் கூட்டம், வாசலில் தண்ணீர் பாக்கெட். (அந்த ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் என்பது வேறு கதை.) நீங்கள் போகப்போவது அப்படிப்பட்ட இடம் இல்லை. சின்ன ஒயினரி என்றால் பெரும்பாலும் தோட்டத்து நடுவில் ஒரு கொட்டகை, முன்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேடை, பின்பக்கம் பீப்பாய்கள். மேடைக்கு அந்தப் பக்கம் நின்று ஊற்றிக்கொடுப்பவர் முதலாளியின் மனைவியாக இருக்கலாம், சில நாள் முதலாளியே நிற்பார். கண்ணாடிக் குவளையில் 30 மில்லி ஊற்றுவார்கள், நம் ஊர் இருமல் மருந்து மூடி இரண்டு அளவு. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள், அடுத்ததை ஊற்றுவார்கள். வெள்ளையில் ஆரம்பித்து சிவப்புக்குப் போய், இனிப்பு ஏதாவது இருந்தால் கடைசியில், மொத்தம் ஐந்து, ஆறு. குடிக்காதவர் கூட நின்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, பெரும்பாலான இடங்களில் ருசி பார்க்கிறவருக்கு மட்டும்தான் கட்டணம். மகளை முன்கூட்டியே போன் போட்டு நேரம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், 'என் அப்பா திராட்சை விவசாயி, தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்' என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று அங்கே போனால் தெரியும்.

எனக்குத் தெரிந்தது என் மாமனாரால். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், கிளாஸைத் தொடவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேடைக்குப் பின்னால் நின்ற அம்மா ஓக் மரம், வெனிலா என்று பாடிக்கொண்டிருக்க, இவர் என் காதில், "சாம்பல் நோய்க்கு என்ன அடிக்கிறாங்கன்னு கேளு மாப்ளே" என்றார். கேட்டேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் இவரையே பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிவந்தார். அப்புறம் நாற்பது நிமிஷம் எங்களை யாரும் சீண்டவில்லை, அவர்கள் இரண்டு பேரும் வரிசைக்குள் போய்விட்டார்கள். கந்தகம் என்ற ஒரு சொல்லையும் இரண்டு பேர் கைகளையும் வைத்துக்கொண்டே பேச்சு ஓடியது. அங்கேயும் கந்தகத் தூள்தான். ஆனால் கோடையில் அந்த ஊரில் மழையே கிடையாது, அதனால் நம்மைப் படுத்துகிற அடிச்சாம்பல் நோய் அவர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. "கொடுத்து வச்சவன்" என்று மாமனார் காரில் வரும்போது இரண்டு தடவை சொன்னார்.

நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த வரிசைகளைத்தான். பந்தல் இருக்காது. இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி, கொடியைச் சுவர் மாதிரி நிறுத்தியிருப்பார்கள். நம் பக்கம் கவாத்து வெட்டி நாலு மாதத்தில் அறுக்கிறோம், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். அங்கே குளிர் வந்தால் இலை மொத்தமும் கொட்டிக் கொடி தூங்கிவிடும், குளிர்காலக் கடைசியில் கவாத்து, மார்ச்சில் துளிர், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடை, அத்தோடு வருஷம் முடிந்தது. ஒரே ஒரு வெள்ளாமை. ஆகஸ்ட் கடைசி என்பதால் உங்களுக்கு யோகம், அறுவடை தொடங்கியிருக்கலாம். பழம் சூடேறாமல் இருக்க ராத்திரியிலும் விடியற்காலையிலும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அறுப்பார்கள், அறுக்கிறவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோ பூர்வீகக்காரர்கள்.

இன்னொன்று உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், நன்றாக இருக்கிற பச்சைக் கொத்துகளையே வெட்டிக் கீழே போடுவார்கள். மிச்சம் இருக்கிற கொத்தில் ருசி ஏறட்டும் என்று. தண்ணீரையும் கணக்காகத்தான் விடுவார்கள், பழம் பெருத்துவிடக் கூடாதே. நாம் பெரிய பழத்துக்குப் பாடுபடுகிறோம், அவர்கள் சின்னப் பழத்துக்குப் பாடுபடுகிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கிறது, பழம் சின்னதானால் சாற்றுக்குத் தோல் அதிகம், அவ்வளவுதான் விஷயம். கேட்டுவிட்டு ஒரு பழம் பறித்து வாயில் போடுங்கள் (கேட்காமல் பறிக்காதீர்கள், உங்கள் தோட்டத்தில் பறித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்). கடையில் வாங்கும் திராட்சையைவிடத் தித்திக்கும், நூற்றுக்கு 24, 25 சர்க்கரை ஏறியிருக்கும். அந்தச் சர்க்கரைதான் புளித்து 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சாராயச் சத்தாக மாறுகிறது. விதையையும் கடித்துப் பாருங்கள். பச்சையாகக் கசந்தால் காத்திருப்பார்கள், பழுப்பேறி வறுகடலை மாதிரி நொறுங்கினால் அறுப்பு நெருங்கிவிட்டது.

ஊருக்கும் கொஞ்சம் கதை உண்டு. ராபர்ட் லிவர்மோர் என்ற இங்கிலாந்துக்காரர் 1840களில் அங்கே கொடி நட்டார். கன்கானன், வென்டி என்ற இரண்டு குடும்பங்கள் 1883-ல் தொடங்கிய ஒயினரிகள் அதே பேரில் இன்னும் இருக்கின்றன. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்தபோது கன்கானன் தேவாலயப் பூசைக்கு ஒயின் செய்து கொடுத்தே தாக்குப்பிடித்தது. மண் கூழாங்கல் மண், சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று வந்து வெக்கையைத் தணித்துவிடும். உங்கள் பள்ளத்தாக்குக் காற்று ஞாபகம் வரும். கிழக்கே மலை மேல் காற்றாலைகள் வேறு. பல ஒயினரிகள் டெஸ்லா ரோட்டில் இருக்கின்றன, அந்தப் பேர் காரிலிருந்து வந்தது இல்லை, டெஸ்லா என்று அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர் இருந்தது.

கடைசியாக ஒன்று. உங்கள் பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதே ரகத்தைக் கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்கிறார்கள், மதேரா பக்கம் அதில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். மேடையில் நிற்பவரிடம், "பிளாக் மஸ்கட் எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க காய்க்கும்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார், போனில் தோட்டத்து போட்டோ நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களோடு போனால் ஆளாளுக்கு பிளாக்பெர்ரி, லெதர், புகையிலை, ஈரக்கல் என்று அடுக்குகிறார்கள். எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை, எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது. நடிக்கலாமா? – வாசகி, டப்ளின், கலிபோர்னியா

நடிக்க வேண்டாம், அவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். பிளாக்பெர்ரியை எட்டு வயதில் பறித்துத் தின்றவனுக்கு ஒயினில் பிளாக்பெர்ரி தெரியும். நீங்கள் தின்றது நாவல்பழம். அப்படியானால் நாவல்பழம் என்று சொல்லுங்கள். லிவர்மோரில் பெட்டீட் சிரா என்று மை மாதிரி ஒன்று ஊற்றுவார்கள், குடித்துவிட்டு நாக்கை நீட்டினால் பள்ளிக்கூட வாசலில் நாவல்பழம் தின்ற நாக்கேதான்.

அதோடு நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. சிவப்பு ஒயினின் உயிர்நாடியான டானின் என்பதை விளக்க அவர்கள் திணறுவார்கள், காய்ந்த மாதிரி, பிடிக்கிற மாதிரி, பட்டுத்துணி மாதிரி என்று. நமக்கு அது துவர்ப்பு. அறுசுவையில் ஒன்று, வாழைப்பூவில் இருக்கிறது, கொட்டைப்பாக்கில் இருக்கிறது, நெல்லிக்காயின் பின்ருசியில் இருக்கிறது. முழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு தூக்கல். ஈறும் கன்னத்து உள்பக்கமும் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு தூக்கல். இந்த இரண்டை மட்டும் ஒவ்வொரு கிளாஸிலும் பாருங்கள். மூன்றாவது கிளாஸில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்ல மாட்டீர்கள்.

வாசனைக்கு, கிளாஸைத் தண்டில் பிடித்து மேடை மேலேயே வைத்து இரண்டு சுற்று சுற்றிவிட்டு, உடனே மூக்கை உள்ளே விடுங்கள். வெட்கம் வேண்டாம். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்ததில் கொப்பரை வாசனை வரும், அது பிரமை இல்லை, அந்த மரத்திலேயே அது இருக்கிறது. ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் சிலதில் வெண்ணெய் வாசனை வரும். பச்சை ஆப்பிளின் புளிப்பு அமிலத்தைத் தயிரின் அமிலமாக மாற்றுகிற பாக்டீரியாவின் வேலை அது, நம் வீட்டு உறைமோரில் இருப்பதன் பங்காளி. பக்கத்து நண்பர் 'பட்டர்' என்றால் நீங்கள் 'அம்மா கடைந்த வெண்ணெய்' என்று மனசுக்குள் திருத்திக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் முதல் தடவை ஜவ்வாது பூசிக்கொண்டு போனேன். ஊற்றிக்கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேடையின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டார்கள். எனக்கும் ஐந்து ஒயினிலும் ஜவ்வாதுதான் மணத்தது.

நாங்கள் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. திராட்சைச் சாறுதானே, ஒயின் சைவம்தானே? – வாசகி, மயிலாப்பூர்

திராட்சை சைவம். அதைத் தெளிய வைக்கிற முறை சைவமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புது ஒயின் கலங்கலாக இருக்கும், துவர்ப்பும் முரட்டுத்தனமாக இருக்கும். அதைத் தணிக்கச் சிவப்பு ஒயினில் முட்டை வெள்ளைக்கரு ஊற்றுவது பிரான்ஸில் ரொம்பப் பழைய வழக்கம். கரு துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், மேலாக எடுத்துவிடுவார்கள். வெள்ளை ஒயினுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, சில இடத்தில் ஜெலட்டின், சில இடத்தில் பால் புரதம். பென்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் போட்டுத் தெளிய வைப்பவர்களும் நிறையப் பேர், சிலர் எதுவுமே போடாமல் காலத்தின் கையில் விட்டுவிடுகிறார்கள். தேத்தாங்கொட்டை உரசித் தண்ணீர் தெளிய வைத்த ஊர் நாம், புரியாதது ஒன்றும் இல்லை.

சிக்கல் என்னவென்றால் எதைப் போட்டுத் தெளிய வைத்தோம் என்று பாட்டில் லேபிளில் எழுத அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய கடையில் அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. சின்ன ஒயினரியில் செய்தவரே எதிரில் நிற்கிறார், 'வீகனா?' (விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் சேராததா) என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பீப்பாய் பீப்பாயாகச் சொல்வார். கூடவே ஒரு தட்டில் சீஸ் வைப்பார்கள், அதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பல சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியைச் சேர்க்கிறார்கள். ஒயினில் தப்பித்து சீஸில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போய்விட்டு நேரே ஒயினரிக்குப் போவது முறையா? – வாசகர், திருச்சி

முறையை நான் சொல்ல முடியாது, வழியைச் சொல்கிறேன். கோவில் ஊரின் வடக்கே, தோட்டங்கள் தெற்கே, காரில் கால் மணி, இருபது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெஸ்லா ரோட்டில் நெற்றியில் விபூதியோடு நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மனசுக்கு உறுத்தினால் வரிசையை மாற்றாதீர்கள், ஒயினரிக்கு வேறொரு நாள் போங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள்.

துப்பலாம் என்கிறார்களே, நிஜமாகவா? ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால் அசிங்கமா? – வாசகர், சன்னிவேல்

நிஜம்தான். மேடை மேல் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும், துப்பவும், மிச்சத்தைக் கொட்டவும். ஒயின் செய்கிறவர்கள் ருசி பார்க்கும்போது துப்பத்தான் செய்கிறார்கள், ஒரு நாளைக்கு முப்பது பீப்பாய் பார்க்கிறவன் முழுங்கினால் வேலை நடக்காது. மேடையில் துப்பக் கூச்சமாக இருந்தால் ஒரு காகிதக் கோப்பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்காததை வாளியில் கொட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஆனால் 'ச்சே' என்று முகத்தைக் காட்டிவிட்டுக் கொட்டாதீர்கள், அது அவர்கள் ஒரு வருஷத்து உழைப்பு.

வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கட்டணம் கொடுத்துத்தான் நிற்கிறீர்கள். பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழித்துவிடுகிற இடங்களும் உண்டு, முதலிலேயே கேளுங்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கிளப் விஷயத்தில். நாலாவது கிளாஸுக்கு அப்புறம் ஒரு படிவம் வரும், சேர்ந்தால் இன்றைக்கு எல்லாம் இலவசம் என்பார்கள். அப்புறம் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும், கார்டில் பணம் போகும். நாலாவது கிளாஸில் நான் கையெழுத்துப் போட்டு, விலக எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் படியுங்கள்.

ஒரே நாளில் நாலு ஒயினரி பார்க்கத் திட்டம். சொட்டுச் சொட்டாகத்தானே ஊற்றுகிறார்கள், நானே வண்டி ஓட்டிவிடலாமா? – வாசகர், பிரீமான்ட்

கூடாது. கணக்குப் போடுங்கள், 30 மில்லி ஐந்து தடவை என்றால் 150 மில்லி, அது ஒரு முழு கிளாஸ். நாலு இடத்தில் நாலு கிளாஸ், அதாவது முக்கால் பாட்டிலுக்கு மேலே. சில இடங்களில் தாராளமாக 60 மில்லி ஊற்றுவார்கள், அப்போது அதற்கும் இரண்டு மடங்கு. கலிபோர்னியாவில் ரத்தத்தில் 0.08 சதவீதம் சட்ட எல்லை, அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டம் தடுமாறினால் பிடிக்கலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கத்தியும் தொங்குகிறது, குடித்து ஓட்டியதாகக் கைதானாலே போதும், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு, செய்தும் இருக்கிறார்கள். திறந்த பாட்டிலை இருக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் குற்றம், டிக்கியில்தான் வைக்க வேண்டும். குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் வாடகை வண்டி. நாலு இடம் எதற்கு? இரண்டு போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போய் பெட்டீட் சிராவுக்கும் திராட்சை ரஸ்னாவுக்கும் வித்தியாசம் தெரியாது.

சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? – வாசகி, கோவை

ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி கிடையாது. ஒயின் பாட்டில் 750 மில்லி, ஆக இரண்டு. ஏர்போர்ட் கடையில் வாங்குகிற விஸ்கியும் அதே 2 லிட்டரில்தான் சேரும், உங்கள் வீட்டுக்காரரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் நடுவில் பருத்திச் சேலை இரண்டு சுற்றி வையுங்கள், பட்டு வேண்டாம், உடைந்தால் இரட்டை நஷ்டம். வாங்கின அன்று காரில் போட்டுவிட்டு மால் சுற்றப் போகாதீர்கள். ஆகஸ்டில் லிவர்மோர் வெயில் சில நாள் 38 டிகிரியைத் தாண்டும், டிக்கிக்குள் ஒயின் வெந்து கார்க் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒரு ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். மூன்றாவது பாட்டில் வாங்கிவிட்டால் பிள்ளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், நீங்கள் விமானம் ஏறுவதற்குள் திறந்திருப்பார்கள்.